வேலி விறகு: சமூகத் தோட்டத்து உயிர்வேலியை வெட்டிப் பொங்கல் வைக்கலாமா?

தோட்டக்குழு_வடக்கு
வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்துச் சமூகத் தோட்டத்தைச் சுற்றி 38 மீட்டருக்குச் சீமைக்கிளுவை வேலி நிற்கிறது. கிளிரிசிடியா என்றால் பலருக்குத் தெரியும். இரண்டு வருடமாகக் கவாத்து இல்லை. மூன்று மீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டது, அடிக்கிளைகள் மணிக்கட்டுத் தடிமன். எப்படியும் வெட்டத்தான் வேண்டும். வெட்டுவதைக் குப்பை லாரியில் ஏற்றுவதற்குப் பதில், வரும் பொங்கலுக்கு 12 பானைக்கு விறகாக்கலாமா? பிரிட்டனில் ஊர்க்குழுக்கள் வேலிமரங்களை முறைவைத்து வெட்டி விறகைப் பங்கு போட்டுக்கொள்வதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது. இப்போது ஜூன். எவ்வளவு வெட்டுவது, எப்போது வெட்டுவது, எங்கே காயவைப்பது, யாரிடம் கேட்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டை_கணக்கு
முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். அது தெரிந்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

ஒரு பானைக்கு 1 கிலோ அரிசி, கால் கிலோ பாசிப்பருப்பு, பாலும் தண்ணீருமாக 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை 28 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1.7 மெகாஜூல். வேகும்போது ஒரு லிட்டர் ஆவியாகப் போனால் அதற்கு 2.3 மெகாஜூல். ஆக 4 மெகாஜூல். மூன்று செங்கல் வைத்த திறந்த அடுப்பில் எரியும் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதல்தான் பானைக்குப் போய்ச் சேரும். மீதி பக்கவாட்டில் போகும், காற்றோடு போகும். 12 விழுக்காடு என்று எடுத்தால் 33 மெகாஜூல் வேண்டும்.

20 விழுக்காடு ஈரமுள்ள விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 14.7 மெகாஜூல் தரும். பச்சை விறகு, அதாவது எடையில் பாதி தண்ணீராக உள்ளது, 8.3 தான் தரும். காய்ந்த விறகென்றால் பானைக்கு 2.2 கிலோ. பச்சை என்றால் ஏட்டுக் கணக்கில் 4 கிலோ, அடுப்பில் இன்னும் கூடும். ஏனென்றால் ஈர விறகு முழுச் சூட்டுக்கு வராமல் புகைந்தே தீர்ந்துபோகும்.

காற்றுக்கும் கைப்பிசகுக்கும் சேர்த்துப் பானைக்கு 3 கிலோ என்று வையுங்கள். 12 பானைக்கு 36. பற்றவைக்கும் சுள்ளி 4 கிலோ. மொத்தம் 40 கிலோ காய்ந்த விறகு. இதற்குப் பச்சையாக 64 கிலோ வெட்ட வேண்டும், இலை நீங்கலாக.

உங்கள் 38 மீட்டரில் இது எத்தனை மீட்டருக்கு வரும் என்று யாரும் இங்கிருந்து சொல்ல முடியாது. 3 மீட்டர் மட்டும் முதலில் வெட்டி, இலையைக் கழித்து, இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட குச்சிகளைத் தராசில் போடுங்கள். மீட்டருக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

சவுக்குமுனை
வெட்டும் முன் வேலி யாருடையது என்று பாருங்கள். தோட்டத்துக்குள் குழு நட்ட வேலி ஒன்று. தோட்டத்துக்கு வெளியே நடைபாதையோரம் நிற்கும் வேலி வேறு. வெளியே நிற்பது நகர மன்றத்துக்கோ தேசியப் பூங்காக் கழகத்துக்கோ உரியது. அதில் ஒரு குச்சியைக்கூட நீங்களாக வெட்டக் கூடாது. 2005இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தின் கீழ் உள்ள தோட்டமானாலும் நிலம் குழுவுடையது ஆகிவிடாது. நிலத்தை நிர்வகிப்பவரிடம் இரண்டு அனுமதி கேளுங்கள்: இந்த வேலியை இத்தனை மீட்டர் இந்த உயரத்துக்கு வெட்டுகிறோம் என்று ஒன்று, வெட்டியதை இந்த இடத்தில் இத்தனை மாதம் அடுக்கிவைக்கிறோம் என்று ஒன்று. இரண்டாவதைக் கேட்க மறந்துவிடுவார்கள். பிறகு யாரோ புகார் சொல்லி, அடுக்கு முழுக்க அள்ளப்பட்டுவிடும். இரண்டும் எழுத்தில் இருக்கட்டும்.

தீ மூட்டும் இடத்துக்கு அனுமதி மூன்றாவது. காய்ந்த இலை, கிளை போன்ற கழிவைத் திறந்தவெளியில் கொளுத்துவது இங்கே தடை. பொங்கல் அடுப்பு சமையல்தான், கழிவெரிப்பு இல்லை. ஆனாலும் அந்த இடத்தை நடத்துபவர், சமூக மன்றமோ நகர மன்றமோ, சம்மதித்தால்தான் அடுப்பு. சமையல் முடிந்து மிஞ்சிய இலைதழையை அதே நெருப்பில் போட்டுக் கொளுத்தாதீர்கள். அது சமையலில் சேராது.

தெம்பனிஸ்_வாசகன்
ஒரு சந்தேகம். மழைக்காற்று அடித்த மறுநாள் சாலையோரம் தூங்குமூஞ்சி, அங்சானா கிளைகள் விழுந்து கிடக்கின்றன. எப்படியும் அள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். அதை எடுத்தால் வேலியை வெட்டவே வேண்டாமே? கடைகளுக்குப் பின்னால் மரப் பலகைத்தட்டுகளும் கிடக்கின்றன.

சவுக்குமுனை
தம்பி, விழுந்தது என்பதால் யாருக்கும் சொந்தமில்லாதது என்று ஆகாது. இயற்கைக் காப்பு வனத்திலும் தேசியப் பூங்காக்களிலும், அதாவது பூமலை, ஃபோர்ட் கேனிங் போன்ற இடங்களில், அனுமதியில்லாமல் செடியையோ அதன் பாகத்தையோ வெட்டினால், எடுத்தால் 50,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சாலையோரக் கிளை வேண்டுமென்றால் அதை அகற்ற வரும் குத்தகைக்காரரின் மேற்பார்வையாளரிடம் கேட்டு, நிர்வாகம் ஒத்துக்கொண்டால் வாங்கலாம். விழுந்த கிளைக்குப் பக்கத்தில் போய் நிற்பதே ஆபத்து. ஒரு கிளை முறிந்த மரத்தில் பாதி முறிந்து தொங்கும் இன்னொன்று இருக்கக்கூடும்.

பலகைத்தட்டு விஷயத்தில் கவனம் வேண்டும். அதன் பக்கக் கட்டையில் கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு முத்திரை இருக்கும். 'எச்டி' என்றால் சூட்டில் பதப்படுத்தியது. 'எம்பி' என்றால் மெத்தில் புரோமைடு வாயு காட்டியது. எம்பி, முத்திரையே இல்லாதது, சாயம் பூசியது, எண்ணெய் ஊறியது எதையும் உணவு சமைக்கும் அடுப்பில் வைக்கவே கூடாது. எச்டி தட்டிலும் முன்பு என்ன கொட்டியது என்று தெரியாது. அதை எரிக்காமல் விறகு அடுக்குக்கு அடியில் போடுங்கள், நல்ல வேலை செய்யும்.

வேலிப்போத்து
பிரிட்டன் முறையை அப்படியே எடுக்க முடியாது. எந்தப் பகுதியை எடுக்கலாம் என்று பார்ப்போம்.

அங்கே ஹேசல், ஆஷ், ஹாதார்ன், மேப்பிள் போன்ற மரங்கள் வேலியில் நிற்கும். அடியோடு, தரைக்குச் சற்று மேலே வெட்டுவார்கள். தூரிலிருந்து பல தண்டு கிளம்பும். அது விறகுத் தடிமனுக்கு வரப் பதினைந்து ஆண்டு பிடிக்கும். ஆகவே வேலி முழுவதையும் பதினைந்து கூறாக்கி ஆண்டுக்கு ஒரு கூறு. எந்த ஆண்டிலும் வேலியின் பெரும்பகுதி நின்றுகொண்டிருக்கும், பறவைக்கும் பூச்சிக்கும் இடம் போகாது. மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை இங்கிலாந்தின் பண்ணை வேலிகளில் வெட்டக்கூடாது, கூடு கட்டும் காலம். கிராம வேலிகளை அடியோடு அகற்றுவதற்கு 1997இலிருந்து தனிச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. இன்னும் பழங்காலத்தில், பொதுநிலத்திலிருந்து அடுப்புக்கு, வேலிக்கு, வீடு பழுதுபார்க்க என்று தனித்தனியாக மரம் எடுக்கும் உரிமை ஊராருக்கு இருந்தது. எஸ்டோவர்ஸ் என்று அதற்குப் பெயர். எதற்கு எடுக்கிறோமோ அதற்கு மட்டும் எடுக்கலாம், விற்க முடியாது.

நம் பக்கமும் இதற்குக் குறைந்ததில்லை. காங்கேயம், தாராபுரம் பகுதியின் கொரங்காடுகளில் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுவே வெள்வேல். கிளுவைப் போத்து நட்டால் வேலி, வேலியைக் கழித்தால் அடுப்புக்குச் சுள்ளி, வெள்வேல் காய் மாட்டுக்கு. மூன்றையும் ஒரே நிலம் தந்தது.

சிங்கப்பூருக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது கூறு போடும் முறை. இங்கே குளிர்காலம் இல்லை, வருடம் முழுக்கத் துளிர்க்கும், அதனால் பதினைந்து கூறு தேவையில்லை. சீமைக்கிளுவை ஒரு வருடத்தில் கட்டைவிரலைத் தாண்டும், இரண்டு வருடத்தில் நீங்கள் சொன்ன மணிக்கட்டுத் தடிமன். உங்கள் 38 மீட்டரை மூன்று கூறாக்குங்கள், கூறுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று மீட்டர். வருடம் ஒரு கூறு. அடுத்த வருடத்திலிருந்து எந்தப் பொங்கலுக்கும் மூன்று வயதுக் கட்டையாவது கிடைக்கும், வேலியும் மொட்டையாகாது. முதல் வருடம் முழுவதையும் வெட்டிவிட்டால் தோட்டத்துக்கு மறைப்பும் போகும், அடுத்த பொங்கலுக்கு விரல் தடிமன் குச்சிதான் மிஞ்சும்.

மற்ற இரண்டு கூறும் மூன்று மீட்டர் உயரத்தில் நிற்கட்டுமா என்றால் வேண்டாம். உச்சியை மட்டும் இரண்டு மீட்டருக்கு இறக்குங்கள். உச்சிக் குச்சி சுள்ளிக்கு ஆகும்.

யாழ்வேலி
வெட்டும் விதம் நான் சொல்லுறன். எங்கட பக்கம் இதைக் கதியால் எண்டுதான் சொல்லுவம். கிளுவங்கதியால், பூவரசங்கதியால், சீமைக்கிளுவங்கதியால். குழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும், தடி அடுப்புக்கும் வேலிக்கும்.

தரையோடு வெட்ட வேண்டாம். வேலிதானே, ஒரு மீட்டர் உயரத்தில் தறியுங்கோ. அந்த உயரத்தில் தலை தடித்து, ஒவ்வொரு முறையும் அதிலயிருந்தே கிளை வரும். அடுத்தமுறை வெட்டேக்க பழைய வெட்டுக்கு இரண்டு விரல்கடை மேல வெட்ட வேணும். பழைய தலையையே செதுக்கிப்போட்டால் மொட்டு போயிடும், அந்தக் கதியால் பட்டுப்போகும்.

தடித்த கொப்பை மேலிருந்து ஒரே இழுப்பாக அறுத்தால் பாதியில முறிஞ்சு பட்டையை அடிவரைக்கும் உரிச்சுக்கொண்டு விழும். உரிஞ்ச இடத்தால தண்ணி இறங்கி உக்கும். அதால முதலில் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, பிறகு ஒரு அங்குலம் தள்ளி மேலிருந்து அறுங்கோ. கொப்பு விழுந்தபிறகு மிச்ச அடியைச் சாய்வாக அறுத்துத் துப்புரவாக்குங்கோ. சாய்வு வெளிப்பக்கமாக இருக்க வேணும், மழைத்தண்ணி தலையில தங்கக்கூடாது.

வேலியடியில தலையை நுழைக்க முன்னம் ஒரு தடியால தட்டிப் பாருங்கோ. முசுறு எறும்பு இருக்கும், இலையைச் சேர்த்து ஒட்டின பந்து மாதிரிக் கூடு. குளவிக்கூடு இருந்தால் அந்தத் துண்டை விட்டிட்டு நிர்வாகத்துக்குச் சொல்லுங்கோ, நீங்களாகப் புகை போட வேண்டாம். கொண்டைக்குருவி, தேன்சிட்டுக் கூட்டில முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்த இரண்டு மீட்டரைப் பிறகு வெட்டலாம். ஒரு மாதத்தில கூடு வெறுமையாயிடும்.

சவுக்குமுனை
கருவியைப் பற்றி ஒரு வரி. பாராங் வெட்டுக்கத்தியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் வராதீர்கள். தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம். மடக்குக் கைரம்பமும் நீளக்கைப்பிடிக் கத்தரியும் போதும். 4 சென்டிமீட்டர் வரை கத்தரி, அதற்கு மேல் ரம்பம். கண்ணாடியும் கையுறையும் எல்லாருக்கும்.

கட்டை_கணக்கு
இனிக் காயவைப்பது. அதிகமாகக் கெட்டுப்போகும் இடம் இதுதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் வருடச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். அந்தக் காற்றில் எத்தனை மாதம் வைத்தாலும் மரம் ஏறக்குறைய 16 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காது. காற்றிலிருந்து திரும்ப ஈரத்தை எடுத்துக்கொள்ளும். பரவாயில்லை, நமக்கு அது போதும். ஆனால் அந்த நிலையை எட்டக் காலம் கொடுக்க வேண்டும்.

பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பாதி டிசம்பரும் ஜனவரித் தொடக்கமும். கார்த்திகை முடிந்து வெட்டி மார்கழியில் காயவைக்கலாம் என்று நினைத்தால் பொங்கலன்று பச்சைக் கட்டையோடுதான் நிற்பீர்கள். ஜூலை முதல் வாரத்தில் வெட்டினால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் நான்கு மாதம் கிடைக்கும். அந்த மாதங்களிலும் விடியற்காலையில் சுமத்ராக் காற்று மழை கொட்டும், ஆனால் பகலில் வெயில் உண்டு. நவம்பருக்குள் நான்கு பக்கமும் கூரை நீண்ட இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வெட்டிய அன்றே இலையைக் கழித்துவிடுங்கள். 35 சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுங்கள். பானை அடுப்புக்கு அதுதான் அளவு, நீளம் கூடினால் வெளியே நீட்டிக்கொண்டு யாராவது தடுக்கி விழுவார்கள். 4 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதை இரண்டாகப் பிளந்துவிடுங்கள். பட்டை தண்ணீரைப் பூட்டிவைக்கும். முழு உருளை காய்வதைவிடப் பிளந்தது வெகு சீக்கிரம் காயும். பச்சையாக இருக்கும்போதே பிளப்பது எளிது.

அடுக்கு: அடியில் கான்கிரீட் கல் அல்லது சவுக்குமுனை எரிக்க வேண்டாம் என்று சொன்ன அந்த எச்டி பலகைத்தட்டு, தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் தூக்கி. மண்ணில் நேரே வைத்தால் கரையான் வந்துவிடும், அதுவும் தோட்டத்துக்குள். ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்தது குறுக்கே, காற்று ஊடாடும்படி. 64 கிலோ பச்சை விறகு ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

மேலே மட்டும் மூடுங்கள், பக்கம் திறந்திருக்கட்டும். பிளாஸ்டிக் விரிப்பால் மூட்டையாகக் கட்டிவிட்டால் உள்ளே வேர்த்து, பத்து நாளில் வெள்ளைப் பூஞ்சை படரும்.

காய்ந்ததை அறிய ஈரமானி (மீட்டர்) வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முள் குத்திப் பார்க்கும் மீட்டர்கள் பெரும்பாலும் உலர்ந்த மரத்தின் எடைக்கு ஈரத்தைக் கணக்கிடும். நான் மேலே சொன்ன 20 விழுக்காடு மொத்த எடைக்குக் கணக்கு. மீட்டரில் 25 காட்டினால் அது இந்த 20 தான். காற்றோடு சமநிலை என்று சொன்ன 16 விழுக்காடு ஈரமானிக் கணக்கு. இங்கிலாந்தில் 2021 மே முதல் சிறு அளவில் விற்கும் விறகுக்கு அதே 20 விழுக்காடு உச்ச வரம்பு என்று சட்டமாக்கியிருக்கிறார்கள், புகையைக் குறைக்க.

மீட்டர் இல்லையா? அடுக்கின் நடுவிலிருந்து ஐந்து கட்டைகளுக்கு அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை போடுங்கள். இரண்டு வாரம் எடை இறங்காமல் நின்றால் அதற்குமேல் காயாது. இரண்டு கட்டையைத் தட்டினால் 'டங்' என்று கேட்கும், பச்சையென்றால் 'பொத்' என்று கேட்கும். அறுத்த முகத்தில் ஆரமாக வெடிப்பு ஓடியிருக்கும்.

பூச்சாடி_மாமி
கொசுவை யாரும் சொல்லவில்லையே! மேலே போடும் விரிப்பில் மடிப்பு விழுந்தால் அதில் தண்ணீர் தேங்கும். ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். விரிப்பைத் தட்டையாகப் போடாமல் நடுவில் ஒரு கட்டையை உயர்த்தி இரு பக்கமும் சரிவாக்குங்கள், நாற்றுத்தட்டு, தொட்டி எதையும் மேலே வைக்காதீர்கள், மழை நின்றதும் ஒருவர் போய்ப் பார்க்கும்படி முறை போடுங்கள். விரிப்பைவிட வளைவுத் தகரத் துண்டு நல்லது.

மூங்கில் வேலியிலிருந்து யாராவது வெட்டுவதாக இருந்தால் கணுவுக்கு மேலே ஒட்டி வெட்டுங்கள். கணுக்களுக்கு நடுவில் வெட்டினால் நிற்கும் அடி கிண்ணமாகிவிடும். மூங்கிலை முழுதாக அடுப்பில் வைத்தால் உள்ளே அடைபட்ட காற்று சூடாகி வெடிக்கும், பிளந்துதான் வைக்க வேண்டும்.

வீட்டுக்கு எடுத்துப்போய் வைக்கலாமே என்று சொல்பவர்களுக்கு: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் விறகு அடுக்கக்கூடாது. தீப்பிடிக்கும் பொருள், வெளியேறும் வழி 1.2 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும்.

மட்கு_மண்
எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. சீமைக்கிளுவையின் அருமையே இலையில் இருக்கும் தழைச்சத்துதான். காற்றிலிருந்து வேரில் பிடித்துத் தருகிறது. கட்டையையும் துருவி மண்ணில் போட்டால் மண் வளரும். எரித்தால் சாம்பல்தான். நகரில் வெட்டும் கிளைகள் எல்லாம் வீணாகவும் போவதில்லை. கரையோரப் பூந்தோட்டங்களில் தோட்டக் கழிவு மரச்சில்லுகளைக் கொதிகலனில் எரித்து மின்சாரமும் குளிரூட்டும் அமைப்புக்கு வேண்டிய வெப்பமும் எடுக்கிறார்கள், புகைபோக்கி மரம் போலக் கட்டிய ஓர் உயரமான கட்டுமானத்துக்குள் போகிறது. அங்கே புகை வடிகட்டப்படுகிறது. உங்கள் மூன்று செங்கல் அடுப்பில் வடிகட்டி ஏது?

வேலிப்போத்து
நியாயமான கேள்வி. இலை பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, ஒரு இலைகூட அடுப்புக்குப் போகக்கூடாது. இளங்குச்சி, கட்டைவிரலுக்குக் கீழ்ப்பட்டதில் பாதியும் மட்குக் குழிக்குப் போகட்டும். பேசுவது தடித்த 64 கிலோவைப் பற்றி மட்டும். பெரிய கட்டை மட்காமல் குழியில் இரண்டு வருடம் கிடக்கும், துருவும் இயந்திரம் பெரும்பாலான குழுக்களிடம் இல்லை.

இன்னொன்று. பொங்கலுக்கு விறகு எப்படியும் எரியப்போகிறது. தோட்டத்தில் வெட்டியது எரியவில்லை என்றால் எங்கோ வெட்டி லாரியில் வந்த கட்டு எரியும், அது எந்த மரம், எத்தனை ஈரம் என்று வாங்குபவருக்குத் தெரியாது. கொதிகலனோடு ஒப்பிட்டால் நம் அடுப்பு மட்டம்தான். அதற்காகத்தான் காய்ந்ததை மட்டும் எரிக்கச் சொல்கிறோம். வருடம் ஒருநாள், மூன்று மணி நேரம். தினமும் எரிக்கும் திட்டமாக இது மாறினால் நானே எதிர்ப்பேன். 38 மீட்டர் வேலி தாங்காது.

மட்கு_மண்
இலையும் குச்சியும் குழிக்கு என்றால் எதிர்ப்பில்லை. கூறு போடுவதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த நிர்வாகக் குழு முழுவதையும் மொட்டையடிக்காமல் இருக்க.

அடுப்பங்கரை
என்ன மரம் என்பதில் யாரும் விளையாட வேண்டாம், தயவுசெய்து. வேலியாக நிற்கிறது என்பதற்காக எல்லாமே விறகாகாது.

அரளி, மஞ்சள் அரளி இரண்டும் இங்கே வேலியில் ஏராளம். கட்டை, இலை, பால் எல்லாம் விஷம். அடுப்பிலும் வைக்காதீர்கள், அதன் குச்சியால் பானையையும் கிண்டாதீர்கள். சாலையோரம் பச்சை மாங்காய் போல உருண்டை காய் தொங்கும் பொங்பொங் மரம், அதுவும் அதே குடும்பம்தான். திருகுகள்ளி, மற்ற பால்வடியும் கள்ளிகள் கண்ணைப் பாதிக்கும். சதுப்புநில ஓரத்தில் இருக்கும் தில்லை மரத்தை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிதம்பரத்துத் தலமரம், பால் பட்டால் கண் போகும் என்பது நம் முன்னோர் அறிந்தது, புகையும் ஆகாது. சுங்கை புலோ சதுப்புநிலத்தில் பார்க்கலாம், தொடக்கூடாது. ரெங்காஸ் மரத்துப் பால் பட்ட இடம் கொப்பளிக்கும்.

முருங்கை, பப்பாளி, செம்பருத்தி விஷமில்லை, ஆனால் பஞ்சு மாதிரி எரிந்துபோகும், தணல் நிற்காது. ஆல், அரசு பலர் அடுப்பில் வைக்கமாட்டார்கள், அதை மதித்துவிடுங்கள்.

தோட்டத்தில் நிற்பதில் எது நல்லது என்றால் கொய்யா, ரம்புத்தான் கவாத்துக் கட்டை. காட்டுக்கறிவேப்பிலை வேலியின் பழைய அடிக்கட்டை இரும்பு மாதிரி, நின்று எரியும். சவுக்கு இருந்தால் அதற்கு மேல் விறகே இல்லை. தஞ்சோங் ரூ என்ற இடப்பெயருக்கே சவுக்கு முனை என்றுதான் பொருள், மேலே எழுதும் அண்ணன் பெயர் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். சீமைக்கிளுவை நடுத்தரம். பொறி பறக்காது, நன்கு காய்ந்தால் புகை குறைவு, பொங்கலுக்குப் பொருத்தம். ஆனால் விதையும் பட்டையும் விஷம். கிளிரிசிடியா என்ற பெயருக்கே எலிக்கொல்லி என்று அர்த்தம். அதன் குச்சியைக் கரண்டியாக்காதீர்கள், கை கழுவிவிட்டு அரிசியைத் தொடுங்கள்.

இனி அடுப்பு. சிமென்ட் தரையில் நேரே தீ மூட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் சூடாகித் தரை சிதறித் தெறிக்கும். ஐந்து சென்டிமீட்டர் மணல் பரப்பி, அதன்மேல் செங்கல். மூன்று கல்லுக்கும் நடுவில் காற்றுக்கு வழி வேண்டும், காற்று வரும் பக்கம் வாய் இருக்கட்டும். பானையின் அடிப்பாகத்துக்கும் மணலுக்கும் இடையே ஒரு சாண். அதற்குமேல் உயர்த்தினால் சூடு போய்ச் சேராது, தாழ்த்தினால் தீ மூச்சுத்திணறிப் புகையும்.

மண்பானையை முந்தின நாள் தண்ணீரில் ஊறவையுங்கள். வெளிப்பக்கம் களிமண் குழம்பு பூசினால் கரி மண்ணோடு போகும், கழுவ எளிது. முதல் பத்து நிமிடம் சிறு தீ. எடுத்த எடுப்பில் பெருந்தீ வைத்தால் பானை விரியும்.

விறகை மூன்று குவியலாகப் பிரித்துவையுங்கள். விரல் தடிமன் சுள்ளி, மூன்று சென்டிமீட்டர் கட்டை, பிளந்த தடிக்கட்டை. பற்றவைக்கத் தென்னம்பாளையும் கொட்டாங்கச்சியும், மண்ணெண்ணெய் வேண்டாம், வாடை பாலில் ஏறும். கொதி வரும்வரை மூன்று சென்டிமீட்டர்க் கட்டை. பால் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்ததும் ஒரு பிடி சுள்ளியைச் சேர்த்து உள்ளே தள்ளுங்கள். தீ ஒரே மூச்சில் எழும், பொங்கி வழியும். தடிக்கட்டையை வைத்துக்கொண்டு பொங்கும் என்று காத்திருந்தால் அது மெல்ல மெல்லக் கொதித்துக்கொண்டே இருக்கும், வழியாது. அரிசி போட்டபின் தடிக்கட்டைக்கு மாறுங்கள். வெல்லம் போடும்போது கட்டையை வெளியே இழுத்துத் தணலில் விடுங்கள், இல்லையென்றால் அடி பிடிக்கும்.

இரண்டு அடுப்புக்கு ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். தாவணி, துப்பட்டா முனையை முடிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

கட்டை_கணக்கு
அக்கா சொன்ன குவியல்படி பிரித்தால் பானைக்குச் சுள்ளி அரைக் கிலோ, நடுத்தரம் ஒன்றரை, தடிக்கட்டை ஒன்று. மேலே நான் எழுதிய 3 கிலோவுக்குள் வருகிறது. பற்றவைக்கும் 4 கிலோ தனி.

தோட்டக்குழு_வடக்கு
எல்லாருக்கும் நன்றி. நாளை நிலத்தை நிர்வகிப்பவருக்கு எழுதுகிறோம். வேலியை வெட்ட, அடுக்கிவைக்க, அடுப்பு மூட்ட, மூன்றையும் தனித்தனியாகக் கேட்போம். அனுமதி வந்தால் ஜூலை முதல் ஞாயிறு 3 மீட்டர் வெட்டி எடை. மீட்டருக்கு 5 கிலோவுக்கு மேல் வந்தால் 13 மீட்டர்க் கூறு ஒன்றே போதும். குறைந்தால் பானையைக் குறைப்போம், இரண்டாவது கூறில் கைவைக்கமாட்டோம். நவம்பர் 1க்குள் கூரைக்குள் மாற்றம்.

இரண்டு கேள்வி மிச்சம். சாம்பலை என்ன செய்வது? வேலியில் நான்கைந்து இடத்தில் கதியால் பட்டுப்போய்ச் சந்து விழுந்திருக்கிறது, அதற்கு என்ன வழி?

மட்கு_மண்
சாம்பலை ஒரு நாள் முழுக்க உலோக வாளியில் ஆறவிடுங்கள், உள்ளே தணல் இருக்கும். பிறகு சலித்து, மட்குக் குழியில் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கைப்பிடி. சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் உண்டு, அமில மண்ணைத் தணிக்கும். இக்சோரா போல அமில மண் கேட்கும் செடிக்குப் போடாதீர்கள், இலை மஞ்சளடிக்கும். யூரியா போன்ற உரத்தோடு கலக்கவும் வேண்டாம், தழைச்சத்து வாயுவாகப் பறந்துவிடும்.

யாழ்வேலி
சந்துக்கு வெளியில ஒண்டும் தேட வேண்டாம். ஜூலையில வெட்டேக்க ஆக நேரான, ஐந்து சென்டிமீட்டர் தடிமனான தடி பத்தை முதலிலேயே எடுத்து ஒதுக்குங்கோ, விறகுக் குவியலுக்குப் போக விடாதேங்கோ. ஒன்றரை மீட்டர் நீளம். அடியைச் சாய்வாகவும் தலையை நேராகவும் வெட்டினால் எது அடி எண்டு குழம்பாது, தலைகீழாய் நட்டால் வராது. நிழலில நிமிர்த்தி மூண்டு நாலு நாள் சாத்தி வையுங்கோ. அடியிலிருந்து ஒரு சாணுக்குப் பட்டையில நாலைந்து கீறல், வேர் அதாலதான் வரும். அலவாங்கால (கடப்பாரை) முதலில குழி போட்டு ஒரு அடி ஆழத்தில இறக்குங்கோ. அடிச்சு இறக்கினால் தலை பிளந்துபோகும். தலையில ஈரமண் உருண்டை ஒண்டை அப்பிவிடுங்கோ, காயாமல் இருக்கும். இரண்டு மூண்டு கிழமையில துளிர் தெரியும். துளிர் வந்திட்டுது எண்டு அசைச்சுப் பார்க்காதேங்கோ, வேர் பிறகுதான் பிடிக்கும். முதல் வருடம் அந்தக் கதியால்ல வெட்டு இல்லை.